கொள்ளு தின்ற கிடாய்

கொள்ளைத் திருவனந்தபுரத்தார் முதிரை என்பார்கள். கஞ்சிக்கு முதிரைப் புழுக்கு அங்கே பழகிய சாப்பாடு. அதைச் செம்மறிக்குப் போடும் வழக்கம் மட்டும் அந்த ஊரில் வேர்விடவில்லை. காரணம் மழை. ஈரம் காயாத மண்ணில் செம்மறிக்குக் குளம்பழுகலும் குடற்புழுவும் ஓயாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் கேரளத்து வெள்ளாடுகள் 13 லட்சத்தைத் தாண்டின. செம்மறி இரண்டாயிரத்தை எட்டவில்லை. செம்மறிச் சீமை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கிறது. கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் அந்த மண்ணின் இனங்கள்.

கோடையில் அங்கே புல் கருகிவிடும். மிஞ்சுவது சோளத்தட்டையும் வைக்கோலும். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். ஆட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு 7 பங்காவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் வயிறு நிறைந்தும் ஆடு மெலியும். கொள்ளில் 22 பங்கு புரதம். கொஞ்சம் கொடுத்தாலே நுண்ணுயிர் பெருகும், வைக்கோல் செரிக்கும், ஆடு இன்னும் தின்னும். கொள்ளின் பெரிய உதவி இதுதான்: தன் சத்தைத் தருவதோடு வைக்கோலையும் தீனியாக்கிவிடுகிறது.

இரவே ஊறப்போட்டு, காலையில் மசிய வேகவைத்து, தவிடும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து வைப்பார்கள். கிடாய் தொட்டியின் ஓரம்வரை நக்கிவிடும். அளவு மீறக்கூடாது, பழக்காமல் அள்ளிப் போட்டால் வயிறு உப்பும், துள்ளுமாரி நோய் வந்து நன்றாகக் கொழுத்த ஆடே முதலில் விழும்.

வெள்ளைக்காரர்கள் இந்தத் தீனிக்கு விலைமதிப்பு ஏற்றினார்கள். தானியத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது ‘கிராம்’. வடக்கே அது கொண்டைக்கடலை, சென்னை மாகாணத்தில் கொள்ளு. யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ‘கிராம் ஃபெட்’ தனிச்சொல்லாகவே இடம்பெற்றது. கடலை தின்று கொழுத்த ஆட்டுக்கறி வங்காளத்தின் பெருமையாக இருந்தது என்கிறது அது. சின்ன ஊர்களில் துரைமார் குடும்பங்கள் சில சேர்ந்து ‘மட்டன் கிளப்’ நடத்தின. வெயிலில் முழு ஆட்டை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. அதனால் பொதுவில் மந்தை வாங்கி, மேய்ப்பர் ஒருவரை வைத்து, கடலையோ கொள்ளோ போட்டு வளர்த்து, முறைவைத்து அறுத்துப் பங்கிட்டார்கள். முன்சப்பையும் பின்சப்பையும் வீடு மாறி மாறிப் போகும். அந்தக் கறிக்குப் பின்னால் இருந்த கைப்பக்குவம் மேய்ப்பருடையது. அவர் பெயரைத்தான் எங்கும் காணோம்.

குளிர்ப்பெட்டியும் கறிக்கடையும் வந்தபின் கிளப்புகள் மறைந்தன. பிண்ணாக்கும் கடைத் தீவனமும் கொள்ளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆனாலும் தென்மாவட்டங்களில் கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு இன்றும் கொள்ளு வேகிறது.