மூச்சில் நுழையும் பூசணம்

பினாங்கில் 1879-ஆம் ஆண்டு பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர் டாக்டர் வூ லியன் தே. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் மூண்டு, ஏறத்தாழ 60,000 பேரை மாய்த்த பிளேக், எலியின் தெள்ளுப்பூச்சியால் அன்றி மனிதரின் மூச்சாலேயே தொற்றுகிறது என்று அவர் கண்டார். பஞ்சும் வலைத்துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியச் செய்தார். ஆயினும் முகக்கவசம் அணியாத நாளெல்லாம் மூச்சோடு உட்புகும் வேறொன்று உண்டு. அதுவே பூசண வித்து.

ஈரச் சுவரிலும் மக்கிய இலையிலும் வளரும் பூசணங்களுள் ஒன்று அஸ்பெர்ஜில்லஸ். 1729-இல் இதற்குப் பெயரிட்ட இத்தாலியப் பாதிரியார் மிக்கேலி, கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை இதன் வடிவில் கண்டாராம். பாதிரியாருக்கு வேறெது நினைவுக்கு வரும்! இதன் வித்து மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே ஆதலின், நுரையீரலின் அடி வரை எளிதிற் சென்று சேரும். அங்குள்ள விழுங்கணுக்கள் அதனை உண்டு செரிக்கின்றன. தப்பி முளைவிடும் இழைகளை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் சூழ்ந்து அழிக்கின்றன. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வித்துகளை உள்ளிழுத்தும் நாம் நோயுறாதது இதனாலேயே.

கடும் இரத்தப் புற்றுநோயில் இக்காவல் குலைகிறது. முதிராத வெள்ளணுக்கள் எலும்பு மச்சையை நிறைத்துவிடுகின்றன. கூட்டம் உண்டு, காவலர் இல்லை.

இந்நோய்க்கு முதல் மருந்து கிடைத்த வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. ஆந்திர மண்ணில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பெறாமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார் என்பர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் போலிக் அமிலமும், அதற்கு எதிரான அமினோப்டெரினும் உருவாயின. பாஸ்டனில் சிட்னி பார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, 16 பேரில் 10 பேர் தேறினர் என 1948 ஜூனில் வெளியிட்டார். தேற்றம் சில மாதங்களே நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவும் மறைந்தார்.

பின்னர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. புற்றணுவை அழிக்கும் அம்மருந்துகள் நல்ல வெள்ளணுவையும் விட்டுவைப்பதில்லை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் நியூட்ரோபில் 500-க்குக் கீழே சென்று, பத்து நாட்களுக்கு மேல் அவ்வாறே நின்றால், பூசண நிமோனியாவின் அபாயம் ஓங்குகிறது. பாக்டீரியாவுக்கான மருந்து கொடுத்தும் காய்ச்சல் தணியாது. புற்று அடங்கி வரும் வேளையில் நுரையீரலால் உயிர் போவதும் உண்டு. சுப்பாராவ் நினைவாக 1953-இல் பெயர் சூட்டப்பட்டதும் ஒரு பூசணத்திற்கே: சுப்பாரோமைசிஸ். அது இந்நோய் தருவதன்று.

1950-களில் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் கிடைத்தது. அது பூசணத்தைக் கொன்றது, சிறுநீரகத்தையும் வாட்டியது. வோரிகோனசோல் அதனினும் மேல் என்று 2002-இலும், போசகோனசோலை முன்கூட்டியே கொடுத்தால் பலர் தப்புவர் என்று 2007-இலும் ஆய்வுகள் காட்டின.

காற்றை வடிகட்டும் தனியறைகளும் இப்போது உள்ளன. ஆனால் பழைய கட்டடங்களை இடிக்கும்போது எழும் புழுதியில் வித்துகள் மிகுதி. பழங்கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் ஜார்ஜ் டவுன் போன்ற நகரில் இது சிறிய செய்தியன்று. அத்தகைய வேலை நடக்கும் இடத்தருகே அறையை விட்டு வெளிவரும் நோயாளிக்கு, முகத்தோடு நெருங்கிப் பொருந்தும் கவசத்தையே மருத்துவர் அணிவிக்கின்றனர்.