‘விருந்தினர்’, ‘மேடை’, ‘குடும்பம்’: டிஸ்னிலாந்து ஊழியர்கள் பேசும் மொழி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவில் வேலைக்குச் சேர்பவர்கள் முதலில் சில சொற்களை மறக்க வேண்டும். சில சொற்களைப் பழக வேண்டும்.

அங்கே வாடிக்கையாளர் கிடையாது, ‘விருந்தினர்’தான். ஊழியரும் கிடையாது, நுழைவுச்சீட்டு விற்பவர் முதல் துப்புரவாளர்வரை எல்லாரும் ‘நடிகர் குழு’ உறுப்பினர்கள். சீருடைக்குப் பெயர் ‘வேட உடை’. வருகையாளர்கள் நடமாடும் இடம் ‘மேடை’, அவர்கள் கண்ணில் படாத பகுதி ‘மேடைக்குப் பின்புறம்’. ஆள் எடுக்கும் பிரிவின் பெயர்கூட ‘நடிகர் தேர்வு’தான். பெயர் அட்டையில் பதவியோ குடும்பப் பெயரோ இருக்காது, முதற்பெயரே இருக்கும். நிறுவனர் வால்ட் டிஸ்னியும் தம்மை ‘வால்ட்’ என்றே அழைக்கச் சொன்னார்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். வீட்டுக்குப் புதிதாக வந்தவரே விருந்தினர். காசு கொடுத்து, வரிசையில் நின்று உள்ளே வரும் விருந்தினர் நம் மொழிக்குச் சற்றுப் புதியவர்தான். ஆனால், அந்தச் சொல் செய்யும் வேலை புரிகிறது. வாடிக்கையாளரிடம் நியாயம் பேசலாம். விருந்தினரிடம் முகம் சுளிக்க முடியாது.

பூங்கா 1955 ஜூலை 17ஆம் தேதி திறக்கப்பட்டது. தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான அந்த நாள் பெரும் குளறுபடியாக முடிந்தது. போலி நுழைவுச்சீட்டுகளோடு கூட்டம் புகுந்தது, புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகியது, குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. ஊழியர்களைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு, தொழிற்சாலைப் பயிற்சிகளில் அனுபவம் பெற்ற வான் ஃபிரான்சிடம் கொடுக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு மகிழ்ச்சியை உருவாக்குவதே உங்கள் வேலை என்று அவர் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் தொடங்கி வைத்த பயிற்சிதான் பின்னர் ‘டிஸ்னி பல்கலைக்கழகம்’ ஆனது. பட்டம் தராத பல்கலைக்கழகம் அது.

ஊழியர் எடுக்கும் முடிவுகளுக்கும் ஒரு வரிசை உண்டு: பாதுகாப்பு, பணிவன்பு, காட்சி, செயல்திறன். 2021ல் ‘அனைவரையும் உள்ளடக்குதல்’ என்பதும் சேர்ந்தது. வரிசைதான் இங்கு முக்கியம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் காட்சி கெட்டாலும் சவாரியை நிறுத்திவிடலாம். மேலாளரைத் தேடி ஓட வேண்டியதில்லை. இத்தகைய தெளிவுக்காகவே பல நிறுவனங்கள் டிஸ்னியிடம் பணம் கட்டிப் பயிற்சி பெறுகின்றன.

ஆனால் புன்னகைக்குப் பின்னால் நடந்தவற்றை உள்ளிருந்தே பார்த்தவர் ஜான் வான் மானன். மாணவப் பருவத்தில் அங்கு சவாரி இயக்குபவராக வேலை பார்த்த அவர், பின்னாளில் எம்ஐடியின் நிர்வாகவியல் பேராசிரியர் ஆனார். பூங்காவுக்கு ‘புன்னகைத் தொழிற்சாலை’ என்று பெயர் சூட்டி அவர் எழுதிய கட்டுரை 1991ல் வெளிவந்தது. அதன்படி, எல்லாரும் சமம் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஊழியர்களே ஏற்றத்தாழ்வுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் உச்சியில், உணவு விற்பவர்கள் அடியில். அடாவடி செய்யும் வருகையாளருக்கு வாய் திறந்து பதில் சொல்ல வழியில்லை. அதனால் சிலர் அவருடைய இருக்கை வாரை மூச்சு முட்டும்படி இறுக்கிவிடுவார்கள். கேட்டால், பாதுகாப்புக்குத்தான்! நிறுவனம் கற்றுக்கொடுத்த முதல் விதியே கேடயமாயிற்று.

அந்த மொழி பெரிதாக முறிந்தது 1984ல். ஊதிய முடக்கத்தை எதிர்த்துச் சுமார் 1,800 ஊழியர்கள் 22 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். மைக்கல் ஐஸ்னர் டிஸ்னியின் தலைவராகி ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. இதை ஆராய்ந்து ரூத் ஸ்மித், எரிக் ஐசன்பெர்க் இருவரும் 1987ல் வெளியிட்ட கட்டுரை, நிறுவனத் தொடர்பியல் படிப்போர் இன்றும் புரட்டுவது. பூங்காவில் இரண்டு உருவகங்கள் மோதின என்றார்கள் அவர்கள். நிர்வாகத்தின் உருவகம் நாடகம். நாடகம் ஒரு தொழில். வரவு செலவு பார்க்கத்தான் வேண்டும். ஊழியர்கள் மனத்தில் ஊன்றியிருந்ததோ குடும்பம். 1966ல் வால்ட் மறைந்த பிறகு அந்த எண்ணம் இன்னும் வலுத்திருந்தது. குடும்பத்தில் யாராவது ஊதியத்தை முடக்குவார்களா என்று அவர்கள் கேட்டார்கள். கஷ்ட காலத்தில் குடும்பம் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்று நிர்வாகம் பதில் சொன்னது. ஒரே சொல், இரண்டு பக்கமும் ஆயுதம்.

கடல் கடந்தபோது இந்த மொழி வளைந்தும் கொடுத்தது. 1983ல் திறந்த தோக்கியோ பூங்காவில் ஜப்பானிய வழக்கப்படி பெயர் அட்டையில் குடும்பப் பெயரே இடம்பெற்றது. 1992ல் பாரிஸ் அருகே திறந்த பூங்காவில், ஊழியர்களின் தோற்றம் பற்றிய விதிகளைப் பிரெஞ்சுத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன.

அனஹைமில் அடிப்படைக் கேள்வி ஊதியமாகவே நீடித்தது. தொழிற்சங்கங்களின் நிதியில் நடத்தப்பட்டு 2018ல் வெளிவந்த கருத்தாய்வில், பங்கேற்ற ஊழியர்களில் 73 விழுக்காட்டினர் தங்கள் ஊதியம் அடிப்படைச் செலவுகளுக்குப் போதவில்லை என்றனர். முந்திய இரண்டு ஆண்டுகளில் வீடற்ற நிலையை அனுபவித்ததாகப் பத்தில் ஒருவர் கூறினார். ஆய்வை நிறுவனம் ஏற்கவில்லை.

2024ல் ஊழியர்கள் சிலர் வேட உடையில் ஒரு சின்னத்தைக் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். மிக்கி மவுசின் வெள்ளைக் கையுறை, முட்டி மடக்கிய நிலையில். அதை அணிந்ததற்காக நூற்றுக்கணக்கானோர் மிரட்டப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் புகார் செய்தன. அவ்வாண்டு ஜூலையில் வேலை நிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த பின்னர், மணிக்கு 24 அமெரிக்க டாலர் என்ற அடிப்படை ஊதியத்துடன் புதிய ஒப்பந்தம் கிடைத்தது.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, மிக்கி போன்ற கதாபாத்திரங்களாகவும் அணிவகுப்புகளிலும் தோன்றும் சுமார் 1,700 பேருக்கு வேறொரு வாக்கெடுப்பு நடந்தது. 953க்கு 258 என்ற கணக்கில் அவர்கள் ஒரு தொழிற்சங்கத்தில் சேர முடிவெடுத்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘ஆக்டர்ஸ் ஈக்விட்டி’. பிராட்வே மேடை நடிகர்களுக்காக 1913 முதல் செயல்பட்டு வரும் சங்கம் அது.