உங்களுக்கு எவ்வளவு சம்பளம்? கேட்கக் கூடாத கேள்வியா?

2010ஆம் ஆண்டு தொடக்கம் ஆறு வருடங்களுக்கு மேல் வவுனியாவில் ஒரு கட்டடப் பொருள் கடையில் கணக்குப் பகுதியில் வேலை செய்தேன். மீள்குடியேற்றமும் வீட்டுத்திட்டங்களும் நடந்த காலம். சீமெந்தும் தகரமும் கம்பியும் லொறி லொறியாக வன்னிக்குப் போய்க்கொண்டிருந்தன. கடையில் இருபது பேருக்கு மேல் வேலை. மாத முடிவில் ஒவ்வொருவருடைய சம்பளச் சீட்டையும் மடித்து, காசோடு கவரில் போட்டு ஒட்டுவது என் பொறுப்பு. கையில் கொடுக்கும்போது முதலாளி சொல்லித் தந்ததை நானும் சொல்வேன்: "ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ."

பில் போடும் இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஒரு அக்கா. இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர். மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே வந்து, இரண்டு பிள்ளைகளையும் தாயையும் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர். மற்றவர் 2013இல் சேர்ந்த பொடியன். அவனுக்கு பில் போடப் பழக்கியதே அந்த அக்காதான். அக்காவுக்கு மாதம் 14,000 ரூபா. அவனுக்கு 20,000 ரூபா.

அவனுடைய பெயரைப் பட்டியலில் ஏற்றிய அன்று முதலாளி காரணமும் சொன்னார். "அவன் ஆம்பிளைப் பிள்ளை. நாளைக்குக் குடும்பம் எண்டு வரும்." அக்காவுக்கு அன்றைக்கே குடும்பம் இருந்தது. நான் எதுவும் சொல்லாமல் எழுதினேன். மூன்று வருடம் அப்படியே எழுதினேன்.

2016இல் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பொடியன் மோட்டார் சைக்கிள் லீசிங் எடுப்பதற்காகச் சம்பளச் சீட்டை வெளியே எடுத்துத் தவணைக் காசைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த அக்காவிடம், "மாதம் எவ்வளவு கட்டலாம் எண்டு பாருங்கோ அக்கா" என்று நீட்டினான். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. தங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

அன்று பின்னேரம் அக்கா என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, உமக்கு இது முதலே தெரியும், என்ன?" என்று மட்டும் கேட்டார்.

வேலைத்தளத்தில் சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகக் கதைக்கலாமா என்று இப்போது பல பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மௌனத்தின் விலை

மாதம் 6,000 ரூபா வித்தியாசம். வருடத்துக்கு 72,000 ரூபா. இழப்பு அதோடு நிற்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 12 வீதம், தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்டுவது 3 வீதம். அந்த 6,000 ரூபாவுக்கு முதலாளி கட்டியிருக்க வேண்டிய பங்கு மட்டும் வருடத்துக்கு 10,800 ரூபா. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. அதிலும் வருடத்துக்கு 3,000 ரூபா குறையும்.

எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு 85,800 ரூபா. மூன்று வருடத்தில் 257,400 ரூபா. அந்தக் கவர்களை ஒட்டியவன் நான் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு மறக்காது.

நாங்கள் ஏன் கதைப்பதில்லை?

முதலாளி சொன்னதற்காக மட்டும் நாங்கள் வாயை மூடுவதில்லை. எங்கள் சனத்துக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அவை சின்னக் காரணங்கள் அல்ல.

யுத்த காலத்தில் விபரம் கேட்பவரைக் கண்டாலே பயம். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், எங்கே கொண்டுபோய்ச் சொல்வார் என்று யோசித்துத்தான் ஊர் பெயரைக்கூடச் சொன்னோம். அந்தப் பழக்கம் 2009உடன் போய்விடவில்லை.

அதற்குப் பிறகு நுண்கடன் வந்தது. சம்பளம் கூடியது என்று தெரிந்தால் கடன் அறவிட வருபவர் வாசலில் நிற்பார். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குத் தெரிந்தால், "இனிச் சமாளிப்பியள்தானே" என்று அனுப்புகிற காசு நின்றுவிடலாம். கூடச் சம்பளம் எடுப்பவருக்குக் கண்ணூறு பயம். குறைய எடுப்பவருக்கு வெட்கம்.

ஆனால் இவை சம்பளத்தை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதற்கான காரணங்கள். பக்கத்துக் கதிரையில் அதே வேலையைச் செய்பவரிடம் சொல்லாமல் இருப்பதற்கு இவை பொருந்தாது. அங்கே மறைப்பதால் நன்மை பெறுபவர் சம்பளம் கொடுப்பவர் ஒருவர்தான். முழுப் பட்டியலும் அவருக்குத் தெரியும். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிதான் தெரியும்.

தெரிந்த சம்பளம் சண்டையை மூட்டுமா?

"எல்லாருக்கும் தெரிஞ்சால் வேலைத்தலம் குழம்பும்" என்பதுதான் முதலாளிமார் சொல்லும் பதில். எங்கள் ஊரிலேயே இதற்கு எதிரான உதாரணம் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத் திட்டம் சுற்றறிக்கையில் வரும். வர்த்தமானியில் வேலைக்கு விண்ணப்பம் கோரும்போதே சம்பள அளவு அச்சாகும். எந்தத் தரத்து ஆசிரியர் எவ்வளவு எடுப்பார் என்று கலியாணத் தரகருக்கும் தெரியும். அதனால் பள்ளிக்கூடங்கள் குழம்பவில்லை.

மலையகத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாருக்கும் தெரிந்த தொகை. அதனால்தான் 1,000 ரூபா என்ற கோரிக்கையை ஒவ்வொரு லயத்திலும் ஒரே குரலில் சொல்ல முடிந்தது. 2021இல் அது வர்த்தமானியில் வந்தது. 2024இல் 1,350 ரூபா ஆனது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விடயம். தொகை தெரியாமல் இருந்திருந்தால் கோரிக்கையே பிறந்திருக்காது.

வித்தியாசம் எல்லாமே அநீதி என்றும் நான் சொல்லவில்லை. அனுபவம், காசுப் பொறுப்பு, இரவு வேலை, படிப்பு, சாரதி அனுமதிப்பத்திரம் என்று நியாயமான காரணங்கள் இருக்கும். நியாயமான வித்தியாசத்தை முகத்துக்கு நேரே விளக்கலாம். "ஆம்பிளைப் பிள்ளை" என்ற காரணத்தை எங்கள் முதலாளியால் அக்காவிடம் நேரே சொல்ல முடியவில்லை.

சட்டம் என்ன தருகிறது?

சம்பளத்தைப் பற்றிக் கதைப்பதைக் குற்றமாக்கும் தொழிற்சட்டம் இலங்கையில் இல்லை. கதைத்தவரைக் காப்பதற்கென்று தனியான பிரிவும் இல்லை. சம பெறுமதியுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேதனம் என்ற சர்வதேச தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் துறைக்கு அதை நேரடியாக நடைமுறைப்படுத்தும் தனிச்சட்டம் இல்லை.

கையில் இருப்பவை இவை:

தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தது. அப்போது மாதம் 10,000 ரூபா. 2025இல் செய்த திருத்தத்தின்படி அது 27,000 ரூபாவாகி, 2026 ஜனவரி தொடக்கம் 30,000 ரூபாவாகிறது. எந்த முதலாளியும் இதற்குக் கீழே கொடுக்க முடியாது.

ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ, சங்க வேலையில் ஈடுபட்டதற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது, 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குச் செய்த திருத்தத்தின்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. சம்பளப் பேச்சைச் சங்கத்தின் பேச்சாக்கினால் இந்தப் பாதுகாப்பு அதற்கும் கிடைக்கும்.

அநியாயமாக வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "பிறகு பாப்பம்" என்று விட்டு இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

நேரம் தவறினால்

காலம் தவறுவதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெயர் பெற்ற வழக்கு உண்டு. லில்லி லெட்பெட்டர் என்ற பெண் அலபாமா மாநிலத்தில் ஒரு டயர் தொழிற்சாலையில் 1979 முதல் வேலை செய்தவர். ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தை அவருக்கு வைத்திருந்தார்கள். அதில் அவருடைய சம்பளம் 3,727 டொலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைந்தவருக்கே 4,286 டொலர். வழக்குப் போட்டார். பாகுபாடு நடந்து 180 நாளுக்குள் முறையிடவில்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படி முறையிடுவது? அந்தக் கேள்வி நாட்டை உலுக்கியதால் 2009இல் அவருடைய பெயரிலேயே சட்டம் வந்தது. அவருக்கு இழந்த காசு கிடைக்கவில்லை. பிறகு வந்தவர்களுக்கு வழி கிடைத்தது.

புலம்பெயர்ந்திருக்கும் உறவுகளுக்கும் ஒரு தகவல். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, சம்பளப் பாகுபாடு இருக்கிறதா என்று அறிவதற்காகச் சக ஊழியருடன் கதைப்பதை வேலை ஒப்பந்தத்தில் உள்ள இரகசிய நிபந்தனையைக் காட்டித் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் இதுபோன்ற நெறிமுறையைக் கொண்டுவந்து, உறுப்பு நாடுகளுக்கு 2026 யூன் வரை காலம் கொடுத்தது.

கதைப்பது என்றால் எப்படி?

முதலில் உங்கள் சம்பளச் சீட்டை நீங்கள் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, மேலதிக நேரக் காசு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மேலதிக நேரக் காசுக்குச் சேமலாப நிதி இல்லை. கையில் வரும் தொகை ஒன்றாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் குறைவாக இருப்பவர் வயது போன காலத்தில் நட்டப்படுவார். ஒவ்வொரு மாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மற்றவரைக் கேட்பதற்கு முன் உங்கள் சம்பளத்தைச் சொல்லுங்கள். முதலில் கேட்டால் அது விசாரணை. முதலில் சொன்னால் அது நம்பிக்கை. விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

உங்களுடையதைச் சொல்லலாம். அடுத்தவருடையதைச் சொல்லாதீர்கள். குறிப்பாகக் கணக்குப் பகுதியில் இருப்பவர் பட்டியலை வெளியே விட்டால் அது நம்பிக்கை மீறல். என் நிலைமையும் அதுதான். ஆனால் "இது சரியில்லை" என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அதைத்தான் நான் செய்யவில்லை.

நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். சம்பள விபரத்தை வெளியிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தால், வேலைத்தளத்தில் கதைப்பதற்கு முன் தொழில் அலுவலகத்திலோ ஒரு சட்டத்தரணியிடமோ கேளுங்கள். உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தில் முறையிடுவதை எந்தக் கடிதமும் தடுக்க முடியாது.

தனியே போகாதீர்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும், தவணைக் கடனில் இருப்பவரையும் முன்னுக்குத் தள்ளாதீர்கள். வேலை போனால் அதிகம் இழப்பவர் அவர்தான். இரண்டு மூன்று பேராகப் போங்கள். "அவனுக்கு ஏன் கூட?" என்று கேட்காமல், "இந்த வேலைக்குச் சம்பளம் எப்படித் தீர்மானிக்கிறியள்?" என்று கேளுங்கள். அவனுடைய சம்பளத்தைக் குறைத்து உங்களைச் சமன்படுத்துவது தீர்வல்ல.

அந்த அக்காவுக்கு என்ன நடந்தது?

அடுத்த நாள் அவர் தனியே போய்க் கேட்டார். முதலாளி முதலில் கேட்டது, "ஆர் சொன்னது?" என்றுதான். பொடியனைக் கூப்பிட்டுப் பேசினார். அவன் அந்த வருடம் முடியுமுன் வேலையை விட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து அக்காவுக்கு 3,000 ரூபா கூடியது. கூட்டிய பட்டியலை எழுதியதும் நான்தான். போன மூன்று வருடத்துக்கு எதுவும் இல்லை. என்னிடம் அவர் கேட்ட கேள்விக்கு "ஓம் அக்கா, தெரியும்" என்று சொல்லவே எனக்குப் பல நாள் எடுத்தது.

போன வருடம் அவரை வவுனியா பஸ் நிலையத்தில் கண்டேன். மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். முதல் மாதச் சம்பளம் கிடைத்துவிட்டதாம். "அங்க கூட வேலை செய்யிற பிள்ளையளுக்கு எவ்வளவு எண்டு கேட்டுப் பாக்கச் சொல்லட்டே தம்பி?" என்று கேட்டார்.

"கேக்கச் சொல்லுங்கோ அக்கா. முதல்ல தன்ரையைச் சொல்லிப்போட்டுக் கேக்கச் சொல்லுங்கோ" என்றேன்.