பாலூட்டும் தாய்மார்கள்: கருத்தடை முறைகளும் உடலின் தாதுச்சத்துகளும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் தாய்மார்கள் பிரசவத்திற்குப் பின் காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியவற்றை அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிப் பெறலாம். இவை எலும்பைப் பாதிக்குமா, தாய்ப்பாலைக் கெடுக்குமா என்பது பலருக்கும் எழும் ஐயம்.

முதலில் ஓர் உண்மையை அறிதல் வேண்டும். எந்தக் கருத்தடை முறையையும் பின்பற்றாத தாய்க்கும், பாலின் வழியாக நாள்தோறும் சுமார் 200 முதல் 300 மி.கி. சுண்ணாம்புச்சத்து வெளியேறுகிறது. ஆறு மாதங்களில் எலும்பின் தாது அடர்த்தி 3 முதல் 5 விழுக்காடு வரை குறையக்கூடும். பால் மறக்கச் செய்தபின் இது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

2017-இல் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தரா ஊசி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. இது ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைப்பதால் எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறைகிறது. ஊசியை நிறுத்தியபின் படிப்படியாக மீள்கிறது. ஆகவே அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் ஊசியைத் தவிர்க்க அதுவொன்றே காரணமாகாது. பாலூட்டும் தாய்மார்கள் பிரசவத்திற்கு ஆறு வாரங்களுக்குப் பின்னர் இதனைத் தொடங்கலாம். 18 வயதுக்கு உட்பட்டோரும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோரும், எலும்பு எளிதில் முறியும் இயல்புடையோரும் மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

காப்பர்-டியிலுள்ள செம்பு தாய்ப்பாலைப் பாதிப்பதில்லை. கவனிக்க வேண்டியது இரும்புச்சத்தையே. பொருத்திய முதல் சில மாதங்களில் மாதவிடாய்ப் போக்கு மிகுதியாகலாம். ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்கள் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையில் இச்சிக்கல் இல்லை, மாதவிடாய் தள்ளிப்போகலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

எம்முறையைத் தேர்ந்தாலும், பிரசவத்திற்குப் பின் 180 நாட்களுக்கு நாளொன்றுக்கு ஓர் இரும்புச்சத்து மாத்திரையும் இரண்டு கால்சியம் மாத்திரைகளும் உட்கொள்ள வேண்டும். இவ்விரு வகை மாத்திரைகளையும் ஒருங்கே விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். இடையே இரண்டு மணி நேரம் இருக்கட்டும். இரும்பு மாத்திரையுடன் தேநீர், காப்பி வேண்டா. பத்தியம் என்ற பெயரில் கீரையையும் தயிரையும் விலக்கும் வழக்கம் சில இல்லங்களில் உள்ளது. அதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை பெரிதும் உதவும்.

அந்தரா ஊசிக்குரிய நாள் தவறிவிட்டால் நான்கு வாரங்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் கடந்திருப்பின், கர்ப்பமில்லை என உறுதிசெய்த பின்னரே போடப்படும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.