வேடந்தாங்கல் பெற்ற கவுல்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் பெயரிட்டனர். செங்கற்பட்டுச் சீமையில் இம்மூன்று பருவங்களையும் பஞ்சாங்கம் பாராமலே அறியலாம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போய் நின்றால் போதும். நீர் ஏற ஏறப் பறவைகள் வந்து வட்டமிடுமாயின் அது கூதிர். மரத்துக்கு மரம் கூடும் முட்டையுமாக இருந்தால் முன்பனி. குஞ்சுகள் சிறகு விரித்துப் பழகுமாயின் பின்பனி. பங்குனி கழிந்து ஏரி வற்றத் தொடங்கியதும் மரங்கள் வெறுமையாகிவிடும்.

இந்தக் காட்சியைக் காண நான் பல பனிக்காலங்களில் சென்றிருக்கிறேன். பெரும்பாலும் மாமல்லபுரத்திலிருந்தே புறப்படுவது என் வழக்கம். அங்கே பெரும்பாறையின் நடுவிலுள்ள பிளவை நோக்கி யானையும் அதன் கன்றுகளும், மானும், சிங்கமும், பாதிப் பறவை உருக்கொண்ட கின்னரரும் திரண்டு வருவதைப் பல்லவச் சிற்பிகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தவம் செய்யும் பூனையும் அதன் காலடியில் அஞ்சாமல் நிற்கும் எலிகளும்கூட அங்கே உண்டு. அந்தத் தவசி அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்த வழக்கில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. நீர் வந்த இடத்துக்கு உயிர்கள் யாவும் வந்து சேரும் என்பதைக் கல்லில் கண்டுவிட்டு, அதையே கண்முன் காணப் போகிறோம் என்ற எண்ணமே எனக்குப் போதுமானது.

மாமல்லபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் ஏறத்தாழ நடுவழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. பட்சிதீர்த்தம் என்றும் அதனை வழங்குவர். நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் மலைமேல் வந்து, குருக்கள் கையால் அமுது உண்டு செல்லும் அதிசயத்தைக் காணத் தேசமெங்கிலுமிருந்து மக்கள் வந்தார்கள். பறவை நூலார் அவற்றைப் பாறு என்னும் இனத்தில் சேர்ப்பர். காசியில் நீராடி இராமேசுவரத்தில் தங்கும் முனிவர்களே அவை என்பது அடியார் நம்பிக்கை. 1990-களோடு அந்த வருகை நின்றுபோயிற்று. மலைமேல் சோறு காத்திருந்தது. உண்ண வந்தவர் இல்லை. தெய்வமாக வணங்கப்பட்ட பறவைகள் வாராது போயின. அங்கிருந்து ஒரு காலைப் பயணத் தொலைவில், யாரும் வணங்காத நாரைகள் மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. இது எப்படி என்ற கேள்வியோடுதான் நான் எப்போதும் படாளம் கூட்டுரோட்டில் திரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் எல்லாம் அயல்நாட்டுப் பறவைகள் என்று பலரும் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர் சிலரும் அவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை அப்படியன்று. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் முதலியவை இமயத்துக்கு அப்பாலிருந்து பனிக்கு அஞ்சி வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே மீளும். ஆழம் குறைந்த நீரே அவற்றுக்கு உகந்தது. ஆதலின் அருகிலுள்ள கரிக்கிலி ஏரியிலேயே அவற்றை மிகுதியாகக் காணலாம். வேடந்தாங்கல் மரங்களில் குடும்பம் நடத்தும் நத்தைகுத்தி நாரை, வக்கா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா ஆகியவை நம் நாட்டுப் பறவைகளே. மழையைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஏரி நிறைந்த இடத்தில் குஞ்சு பொரிப்பவை. தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பிய சத்திமுற்றப் புலவர், பறவைகளின் போக்குவரத்தை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

ஊரின் பெயரைக் கவனியுங்கள். தொண்டை நாட்டில் தாங்கல் என்றால் சிற்றேரி. வேடன் தாங்கலே வேடந்தாங்கல். பெயருக்கேற்ப, பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பக்கத்து நிலக்கிழார்கள் வேட்டையாடிய இடமாகவே இது இருந்தது. வேடனின் ஏரி பறவைகளுக்குப் புகலிடமான வரலாறுதான் இன்று நான் சொல்ல வந்தது.

1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-இல் ஐதர் அலியின் குதிரைப்படை இந்தச் சீமையில் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடினர், கரை உடைந்த ஏரிகள் உடைந்தபடியே கிடந்தன. ஏரி உடைந்தால் இந்நாட்டில் எதுவும் இல்லை. பேராறு இல்லாத சீமை இது. பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கித்தான் இங்கே நெல் விளைந்தது.

இத்தகைய நிலையில் 1794-இல் ஜாகீரின் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். 1798 வரை அவர் இங்கே பணியாற்றினார். கடுமையானவர், மிராசுதாரர்களோடு ஓயாமல் மோதியவர். அவர் வாங்கிய வரியைக் குடிகள் நன்றியோடு நினைத்திருக்க நியாயமில்லை. எனினும் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அவர் காட்டிய ஊக்கத்தை மறுக்க இயலாது. மதுராந்தகத்துப் பேரேரியின் கரை ஒரு பெருமழை இரவில் உடையும் நிலையில் இருந்தபோது, கரைமேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்பதை இந்தத் துரை கண்டதாகவும், கரை தப்பியதற்கு நன்றியாகத் தாயார் சன்னிதிக்குத் திருப்பணி செய்ததாகவும் ஊரார் கூறுவர். ஏரிகாத்த இராமர் என்று அப்பெருமானுக்குப் பெயர் வழங்குகிறது. துரையின் பெயர் பொறித்த கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு ஏரிக்கரை நிற்பதும் உடைவதும் எத்தனை பெரிய செய்தியாக இருந்தது என்பதற்கு அக்கதை போதிய சான்று.

மதுராந்தகத்துக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் குடிகள் இதே கலெக்டரிடம்தான் முறையிட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுகிறார்கள். அதனைத் தடுக்க வேண்டும் என்பது முறையீடு. குடிகள் திரண்டு போய் வற்புறுத்தியே இதனைப் பெற்றார்கள் என்று சொல்லப்படுகிறது. 1798-ஆம் ஆண்டளவில் பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு கலெக்டர் ஒரு கவுல் கொடுத்தார்.

இந்தக் கவுல் என்னும் சொல்லில்தான் என் மனம் தங்குகிறது. அக்காலத்தில் கவுல் என்றால் எழுதித் தந்த உறுதிமொழி. போருக்கு அஞ்சி ஓடிய குடிகள், ‘திரும்பி வந்து உழுதால் இன்ன வரிக்கு மேல் கேளோம், துன்புறுத்தோம்’ என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த பின்னரே ஏர் பூட்டினர். அதுவே கவுல். சரணடைந்தோருக்கு உயிர் காப்பதாக எழுதிக் கொடுப்பதும் கவுலே. தமக்காக எந்த ஏட்டைக் கேட்டுப் பழகியிருந்தார்களோ, அதே ஏட்டை அவர்கள் நாரைகளுக்கும் கேட்டுப் பெற்றார்கள். பறவையை அவர்கள் விருந்தாளியாக எண்ணவில்லை, தெய்வமாகவும் எண்ணவில்லை. தம்மைப் போல் மழையை நம்பி வந்து தங்கும் மற்றொரு குடியாக எண்ணினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குடி வரியும் செலுத்தியது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் ஆயிரக்கணக்கான பறவைகள் பகலும் இரவும் எச்சமிடுகின்றன. அது நீரில் கரைகிறது. தழைச்சத்து நிறைந்த அந்த நீர் மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. இந்த உண்மையை வேளாண்மைக் கல்லூரி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வூரார் பயிரின் பச்சையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பெரு நாட்டுத் தீவுகளில் குவிந்த பறவை எச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. அத்தீவுகளைப் பற்றிக்கொண்டு 1864-இல் ஸ்பெயின் போரே தொடுத்தது. வேடந்தாங்கலார் அதே செல்வத்தைச் சண்டையின்றி, கூலியின்றி, கப்பலின்றித் தம் வயலிலேயே பெற்றார்கள். பறவையைச் சுட்டவன் அவர்கள் பார்வையில் வண்டி எருவைக் கொளுத்தியவன்.

1858-இல் அந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது. கும்பினி ஆட்சி நீங்கி விக்டோரியா அரசியின் ஆட்சி வந்த ஆண்டு அது. இரண்டும் ஒன்றாக நேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் ஆட்சி மாறும்போது பழைய பட்டாவைப் புதிய துரையிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நம் குடியானவர் வழக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. உலகில் தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் மூத்ததாகச் சொல்லப்படும் எல்லோசுடோன் 1872-இல் தோன்றியது. இங்கிலாந்தில் கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் 1869-இல் வந்தது. பரப்பில் ஏறத்தாழ முப்பது எக்டேரே உள்ள ஒரு தாங்கல் இவ்விரண்டுக்கும் முன்னே நிற்கிறது. பின்னர் நேர்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம்: 1936-இல் சரணாலயம் என்ற ஏற்பு, 1962-இல் சென்னை வனச் சட்டத்தின் பாதுகாப்பு, 1998-இல் ஏரியும் அதனைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டமும் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் அறிவிப்பு, 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன.

அந்த ஐந்து கிலோமீட்டர் வட்டத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2020-இல் அதனை மூன்றாகக் குறைக்கலாம் என்று ஒரு கருத்துரு எழுந்தது. கடும் எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஏரியைத்தான் தொடவில்லையே, வெளியே இரண்டு கிலோமீட்டர் போனால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்றதில்லை என்று நினைக்கிறேன். கிழக்கு வெளுக்குமுன்பே பறவைகள் கூட்டம் கூட்டமாக எழுந்து நாற்புறமும் பிரிகின்றன. ஏரி அவற்றுக்குப் பள்ளியறை மட்டுமே. உணவு வெளியில் இருக்கிறது. சுற்றுப்புறத்து வயல்களிலும் சிற்றேரிகளிலும் நத்தையும் மீனும் தவளையும் தேடி உண்டு, குஞ்சுகளுக்கும் கொண்டுவந்து ஊட்டுகின்றன. தொட்டிலைக் காத்துவிட்டுத் தாயின் அடுப்பை அணைத்தால் பிள்ளை பிழைக்குமா? பழைய கவுல் அந்த வட்டத்தை எழுதவில்லைதான். எழுத வேண்டிய தேவை அன்று இல்லை. ஏரிக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் வயலே இருந்தது.

வாங்கியவர் ஒருவரும் இல்லாத கவுல் எப்படியிருக்கும் என்று காண விரும்பினால், மீண்டும் கடற்கரைக்கே போகலாம். தை முதல் பங்குனி வரை மாமல்லபுரக் கரையிலும் அதன் வடக்கிலும் சிற்றாமைகள் முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமை என்றே மீனவர் அதனை வழங்குவர். 1970-களின் தொடக்கம் முதல் சென்னைக்குத் தெற்கேயுள்ள கரையில் இளைஞர்கள் முன்பனி இரவுகளில் மைல் கணக்காக நடந்து, முட்டைகளை எடுத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். சட்டமும் ஆமையின் பக்கமே இருக்கிறது. இருந்தும் 2025 சனவரியில் இக்கரை நெடுக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடியில் அகப்பட்டு மூச்சு முட்டியவையே பெரும்பாலானவை. மடி இழுப்பவனுக்கு ஆமையால் வரும் எரு ஒன்றுமில்லை. அவன் வாசலில் போய் நின்று முறையிட, ஆமையால் விளைந்த வயலுடைய ஊரும் இல்லை.

சென்ற தை மாதத்தில் வேடந்தாங்கல் கரையில், தலையில் துண்டு கட்டிய முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகத் தொலைநோக்கியை வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இங்கே கூடுவதுண்டு. இவ்வாண்டு எப்படி என்று கேட்டேன். “எண்ணிக்கையெல்லாம் ஆபீசுக்காரங்க சொல்லுவாங்க ஐயா. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர்ற பொண்ணுங்களை எண்ணிப் பாக்குறதா?” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்து, “தண்ணி மட்டும் இருக்கணும்” என்றார்.

மாலை ஐந்து மணிக்கு மேல் பறவைகள் திரும்பத் தொடங்கின. வாயில் சுள்ளியோடு ஒரு நாரை, மீனோடு ஒரு நீர்க்காகம், வெறும் வாயோடு பல. எதிர்த்திசையில் வக்காக்கள் இரவு வேலைக்குப் புறப்பட்டன. முதியவர் எழுந்து மதகின் பக்கம் நடந்தார். கீழ்வயலுக்கு அன்று அவருடைய முறை.