மலையேறிய பிரசாரம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலமலைக்கு அரிசியும் உப்பும் ஆட்களும் ஏறிப்போக, மேலிருந்து ஏலக்காய் மூட்டைகளும், டாப் ஸ்டேஷன் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வந்த மூணாறுத் தேயிலைப் பெட்டிகளும் இறங்கிய காலத்தில், அரசியல் மாத்திரம் அம்மலையில் சுலபமாக ஏறிவிடக்கூடிய சரக்காக இருக்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது; கூலியும் அது கொடுப்பது; விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேட்கும் குரலும் அதனுடையதே. ஆகையால் அத்திக்கிலிருந்து எந்த அபிப்பிராயம் வந்தாலும், தொழிலாளி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியவனேயன்றி எழுந்து போகக்கூடியவன் அல்லன். பிழைப்புக்காக ஏற்பட்ட சம்பந்தத்தில் அரசியலைச் சேர்த்தால் மனம் கசப்பது மனித சுபாவம். வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியிலேயே, அவருடைய அரசியல் பங்குதாரர் சிலருக்குச் சங்கடமாயிற்று. 2004 பொதுத்தேர்தலில் பிரதமர் வாஜ்பாயின் பதிவுசெய்த குரல் தொலைபேசியில் அழைத்தபோது, சந்தா கட்டி வைத்த கருவியில் கட்சி பேசுகிறதே என்று முகஞ்சுளித்தவர்களும் உண்டு.

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்திருந்தும், அம்மலைப் பகுதியின் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. அந்த மனத்தாங்கல் ஆறுமுன்னரே, கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகி, 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. சட்டசபையின் 126 இடங்களில் 60 மட்டுமே வென்று, சுயேச்சைகளின் துணையால் நடந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்டு மந்திரிசபைக்கு அந்த ஓரிடமும் பெரிது. மறுபடி நின்ற ரோசம்மாவுக்காகத் தமிழில் பாட ஏறியவர், மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன், இளையராஜாவின் தமையனார்.

அவரும் கட்சிக்காரர்தாம், ஓட்டுக் கேட்கத்தான் வந்தார். ஆயினும் பாட்டுப் பிடிக்காதவன் லயத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம்; மறுநாள் செக்ரோல் என்னும் வருகைப்பதிவில் பேர் விடுபட்டுப் போகாது. காதைப் பிடித்து நிறுத்த அவரிடம் ஆர்மோனியத்தைத் தவிர வேறொன்றுமில்லை. போகலாம் என்றிருந்ததனாலேயே ஜனங்கள் நின்று கேட்டார்கள் என்பது என் எண்ணம். எல்லைத் தகராற்றின் கசப்பையும் மீறி அக்கட்சியின் சொல் தமிழ்த் தொழிலாளரிடம் எடுபட்டதற்கு, பாட்டின் பாஷை எவ்வளவு காரணமோ அவ்வளவு இதுவும் காரணமாகலாம்.

ரோசம்மா வென்றார். வெற்றி பாவலருடையது என்று நம்பூதிரிபாட் புகழ்ந்ததை அக்குடும்பத்தார் பெருமையோடு நினைவுகூர்வர். மந்திரிசபை 1959 ஜூலை 31-இல் கலைக்கப்பட்டது. பாவலரின் குழுவோ, தம்பியரையும் சேர்த்துக்கொண்டு, அதன்பின்னும் பல வருஷங்கள் ஊரூராகப் பாடிற்று.