பார் கம்பி வைத்த சைக்கிள்

மனம் இருந்தால் பிள்ளை வளர்க்கிற பெண்ணுக்கும் படிக்க நேரம் கிடைக்கும் என்று வாதிடுபவர்கள் வங்காளத்து ராஸசுந்தரி தேவியைச் சாட்சிக்கு அழைக்கலாம். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பிய 19-ஆம் நூற்றாண்டில், சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை உருவிக்கொண்டு, மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அடுக்களையில் மறைத்து வைத்துப் படித்தார். அவருடைய தன்வரலாறான ‘ஆமார் ஜீபன்’ 1876-இல் வெளிவந்தது. ஆனால் அவரை எல்லோருக்கும் அளவுகோலாக்குவது நியாயமில்லை. அதே ஆசையோடு அடுப்படியிலேயே முடிந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் சொல்ல முடியாது. எழுதத் தெரிந்தவர் மட்டும்தானே தன் கதையை விட்டுச்செல்கிறார். வைராக்கியம் ஒருத்தியைக் கரைசேர்க்கும். ஊருக்கே நேரம் கிடைக்க வேண்டுமானால் வேலையின் பளு குறைய வேண்டும்.

இதற்குப் புதுக்கோட்டை நல்ல சான்று. 1991-இல் அங்கே தொடங்கிய ‘அறிவொளி’ எழுத்தறிவு இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அரிச்சுவடியோடு சைக்கிளையும் கையில் எடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். கடையில் லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்பதால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். அதுவே வசதி என்றும் சொன்னார்கள்: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் போகும் பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பிள்ளை முன்னால், தண்ணீர்க் குடம் பின்னால் கேரியரில். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், கொண்டுவிட அண்ணனையோ கணவனையோ எதிர்பார்ப்பதும் குறைந்தன.

அப்படியென்றால் பெண்ணின் தலையில் இன்னும் நாலு வேலை ஏறியதுதானே மிச்சம் என்று கேட்பார்கள். பாதி உண்மை. தண்ணீரும் பிள்ளையும் அவள் பொறுப்பாகவே இருந்தன. மிச்சமான நேரமெல்லாம் பாடப்புத்தகத்துக்குப் போனதென்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தை எதில் செலவிடுவது என்பதில் அவளுக்கும் ஒரு பேச்சு வந்தது. படிப்பது, தூங்குவது, சும்மா இருப்பது எல்லாமே அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஓலையும் ஏடும் கையில் இருந்தும் ராஸசுந்தரிக்கு இல்லாமல் போனது இதுதான். ஆகவே தாய்மாருக்கு நேர நிர்வாகம் கற்பிக்கக் கிளம்புகிறவர்கள், ஒரு நாளில் அவர்கள் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுக்கட்டும்.